புழுதி அடங்கிய சாலை

புரட்டாசி 20, இரவு.

மண் குவாரி லாரிகள் கிளப்பும் புழுதி சோற்றுத் தட்டில் விழுகிறது, சாலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவன் நானேதான். இன்று தெளித்துவிட்டார்கள். எங்கள் வாய்க்காலில் மோட்டாரை இறக்கி டேங்கரை நிரப்புகிறார்கள். கடைசி வயல் என்னுடையது. முறைத் தண்ணீர் அதுவரை வரவே இல்லை.

குவாரியை எடுத்திருக்கும் கரைவேட்டிக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீங்க கேட்டதத்தானே அண்ணே செய்றோம்? மருந்து கிருந்து எதுவும் கலக்கலங்க. சுத்தமான காவிரித் தண்ணி" என்றான்.

அதே சாலையில்தான் திரும்பி நடந்தேன். துளிப் புழுதி இல்லை. வாசலில் காலைக் கழுவும்போதுதான் கவனித்தேன். நடவு முடிய வேண்டிய நேரத்தில், இந்த வருஷம் என் காலில் ஒட்டிய முதல் சேறு அது.