அப்பாவின் வலிக்காத முழங்கால்

ஜூன் 12, வியாழன், இரவு 10.40. அப்பாவின் சட்டைப் பையில் முழங்கால் வலி மாத்திரை அட்டை. நான்கு குழியும் காலி.

பிரஷர் மாத்திரையோடு இதையும் போட்டால் கிட்னி தாங்காது என்று பெரம்பலூர் டாக்டர் போன வாரம்தான் எச்சரித்தார். இன்று அப்பா திருமானூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் ஏறியபோதே எனக்குச் சந்தேகம். அட்டையை நீட்டினேன்.

"பழசுடா, எப்பவோ போட்டது."

"நேத்து துவைச்ச சட்டைப்பா இது. பொய் சொல்லாதீங்க."

"போலீஸ்ல சேர வேண்டியவன், மோட்டார் ரிப்பேருக்குப் போயிட்டான்" என்று அம்மாவிடம் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதே முழங்கால் வலியால் ஒரு வருஷமாகத் தரையில் உட்காராமல் நாற்காலியிலேயே இருந்தவள், இன்று தரையில் சம்மணம் போட்டு.

1. அட்டையை டாக்டரிடம் காட்ட வேண்டும்.
2. முழங்காலுக்கு வேறு வழி கேட்க வேண்டும்.
3. அப்பாவுக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை.
4. அம்மாவுக்கும்.