ஆழிச்சிக்கு வைத்த பொங்கல்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
செவ்வாய்க்கிழமை

என் தங்கம் காயத்ரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், தறிகள் சத்தத்தோடு ஓடுகின்றன, அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை தெளிந்துபோய் என் ரசத்தில் மிதக்கும் மிளகைக்கூட விசாரணை செய்கிறார். நீயும் அந்த டப்ளின் குளிரில் தலையில் ஈரத்தோடு வேலைக்கு ஓடாமல், வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் நாவலைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே "சும்மா சொல்லாதம்மா, பெத்தவளாச்சேன்னு சொல்ற" என்று வெட்டி விடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். சாயந்திரம் உன் அண்ணன் குமரன் செவிலிமேட்டிலிருந்து வந்து இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். முழுதும் படித்த பிறகு போன் செய், பாதியில் செய்தால் நான் எடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. சென்னைப் பதிப்பாளர் உன் நாவலைப் போடச் சம்மதித்தாராம், ஆனால் முடிவை மாற்ற வேண்டுமாம், மலை உச்சியில் மின்னி நல்லானின் கையை விட வேண்டுமாம், அவன் பள்ளத்தில் விழுந்து சாக வேண்டுமாம், ஒரு சாமி ஜெயித்தால்தான் கதை கதையாக இருக்குமாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். நீயும் "சரி, மாத்திடறேம்மா, எனக்கும் அலுத்துப்போச்சு" என்றாய். அந்த அலுப்பைக் கேட்டதும் எனக்குத் துக்கமாகவும் இருந்தது, உன்னைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்றும் இருந்தது. ஆனாலும் போனில் சொன்னால் வெட்டி விடுவாய் என்று ம் கொட்டி வைத்தேன். இந்த ஒரு மாதமாக இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரியாது.

நீ அனுப்பியதைப் போனில் படிக்க என் கண்ணுக்கு முடியவில்லை, அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் காஜா பாயிடம் கொடுத்து அச்செடுத்து வாங்கினேன். மத்தியானம் சாப்பாடு ஆனதும் தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே மனதுக்குள் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வடிவாம்பாள் "இன்னாக்கா, எங்களுக்கும் சொல்லேன்" என்றாள். நம் கோர்வைத் தறியில் உட்கார்கிறார்களே, சிட்டிபாபுவும் அவன் மனைவி வடிவாம்பாளும், அவர்கள் இரண்டு பேருக்கும்தான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். அப்பாவும் ஒற்றைத் தறியில்தான் இருந்தார், ஆனால் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். தண்ணீருக்குச் சாமியான ஆழிச்சியும் நெருப்புக்குச் சாமியான கனலப்பனும் பூமி யாருக்குச் சொந்தம் என்று சண்டை போடுவதும், மலை உச்சியில் தொங்கும் மணியை யாருடைய ஆள் முதலில் அடிக்கிறானோ அவருக்கே பூமி என்று பந்தயம் கட்டுவதும் வந்தபோது தறி மெதுவாக ஓட ஆரம்பித்தது. ஆழிச்சி போயும் போயும் இருட்டைக் கண்டால் நடுங்குகிற உப்பு வண்டிக்கார நல்லானைத் தன் ஆளாகப் பிடித்தாளே, அங்கே ஒரு சிரிப்பு. கனலப்பன் சத்திரத்தில் சோறாக்கும் மின்னியின் கனவில் வந்து கூப்பிட, அவள் உலை கொதிக்கிறது, வேறு ஆளைப் பார் என்று கதவைச் சாத்தினாளே, அங்கே எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த வாய் யாருடைய வாய் என்று எனக்கும் தெரியும், நேரில் வா, பேசிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சிட்டிபாபு கனலப்பன் பக்கம், வடிவாம்பாள் ஆழிச்சி பக்கம். கேலியாகத்தான் ஆரம்பித்தது. நல்லான் குகைக்குள் போகப் பயந்து வண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்ட அத்தியாயத்தில் சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்து "உன் சாமி ஆள் எடுத்த லட்சணத்தப் பாரு" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. அவனுக்கு வெறும் ரசம்தான் சாப்பாடு. வீட்டில் பேசாவிட்டால் போகட்டும், கோர்வைத் தறியில் பேசாமல் முடியுமா? இவன் புடவையின் உடலுக்கு இழை நாடாவைத் தள்ளினால் அவள் கரைக்குத் தள்ள வேண்டும், இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும், உனக்குத் தெரியாததா. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்ததில் இழை பிடிக்காமலே போயிருக்கிறது, அரக்குக் கரை ஒரு பக்கம், பச்சை உடல் ஒரு பக்கம் என்று நடுவில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து நின்றது. அதுவும் கல்யாணப் புடவை. அப்பா வந்து பார்த்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் காகிதக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கெட்டதைப் பிரித்து மறுபடி நெய்கிற வரைக்கும் கதை கிடையாது, அதற்கப்புறமும் தினம் ஒரு முழம் ஏறினால்தான் ஒரு அத்தியாயம் என்று சட்டம் போட்டேன். சிட்டிபாபு "இது ஏமி நியாயம்மா" என்று தெலுங்கும் தமிழும் கலந்து கெஞ்சிப் பார்த்தான், நான் அசையவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா, தறியில் மட்டும் தள்ளு, நிறுத்து என்று இரண்டு பேரும் வார்த்தை பேச, புடவை குறித்த நாளுக்கு முன்பே தறியை விட்டு இறங்கிவிட்டது! உன் கதை செய்த வேலை அது.

காகிதக் கட்டு முடிகிற இடத்தில்தான் பெரிய கலகம். நல்லான் மலை விளிம்பில் கால் சறுக்கித் தொங்குகிறான், அவன் கை மின்னியின் கையில் இருக்கிறது, மேலேயிருந்து கனலப்பன் "விடு, விட்டால் மணி உன்னுடையது" என்கிறான். அடுத்த காகிதத்தைத் திருப்பினால் ஒன்றுமே இல்லை. கதை அவ்வளவுதான் போலிருக்கிறது, இந்தக் காலத்தில் இப்படித்தான் அந்தரத்தில் விடுவார்கள் போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன், உன்னைக் கேட்கவும் கூச்சம், அம்மாவுக்குக் கதை புரியவில்லை என்பாயே என்று. ஆனால் வடிவாம்பாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து தறிக் காலில் கட்டினாள். நல்லான் உயிரோடு மேலே வந்தால் ஆழிச்சிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாளாம். கதைதான் முடிந்துவிட்டதே என்றேன். "கதை முடிஞ்சா இன்னாக்கா, அவன் இன்னும் தொங்கிக்கினுதானே இருக்குறான்" என்றாள். அதோடு விட்டாளா, "ஆழிச்சி கோயிலு தென்னேரில எந்தப் பக்கம், மதகுகிட்டயா, கரமேலயா?" என்று கேட்டாள். ஏரிக்கரை ஏரிக்கரை என்று நீ எழுதியிருக்கிறாய் அல்லவா, அது தென்னேரி ஏரிதான், சாமியும் அந்த ஊர்ச் சாமிதான் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். அப்படி ஒரு சாமியே கிடையாதடி, காயத்ரி தன் தலையிலிருந்து எடுத்த சாமியடி என்று சொன்னேன். முகம் வாடிப்போகும் என்று பயந்தேன். அவள் தறிக் காலில் கட்டிய முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "காயத்ரி பெத்த சாமின்னா நம்ம வூட்டு சாமிதானேக்கா, இன்னும் நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நாடாவைக் கையில் எடுத்தாள்.

போன சனிக்கிழமை காலையில் காஜா பாய் வண்டியை வாசலில் போட்டுவிட்டு ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். என்ன என்று கேட்டால், அச்செடுக்கும்போது கடையில் நின்றே படிக்க ஆரம்பித்தாராம், கடைசி அத்தியாயம் வந்தபோது கூட்டம் வந்துவிட்டதாம், அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாராம், அங்கே அஞ்சும் என்கிற அவர் மனைவி பிடுங்கிக்கொண்டாளாம், அவளிடமிருந்து திரும்பி வர இத்தனை நாள் ஆயிற்றாம். "மாஃப் பண்ணுங்கக்கா, நல்லான் இன்னா ஆனான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வராதுன்னு எடுத்துக்கினு போய்ட்டேன்" என்றார். நான் திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் வடிவாம்பாள் தறியிலிருந்து எழுந்து ஓடிவந்து அந்த உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதற்கு மீதிக் கதையே வந்து சேர்ந்துவிட்டது அவளுக்கு. காஜா பாயையும் உட்கார வைத்து, எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டுப் படித்தேன்.

மின்னி கையை விடவில்லை. கனலப்பனைப் பார்த்து, எனக்குப் பூமியும் வேண்டாம் மணியும் வேண்டாம், இவனைத் தூக்க ஒரு கை கொடுக்கத் தெரியாத சாமி நீ என்ன சாமி என்று கேட்டாள். அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். நல்லான் மேலே வந்தான். இரண்டு பேரும் மணியை அடிக்கவே இல்லை. உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே மலையேறி வந்து அடித்துக்கொள்ளுங்கள் என்று சாமிகளிடம் சொல்லிவிட்டு, பாறையில் உட்கார்ந்து பொரி தின்கிறார்கள். கீழே ஆழிச்சியும் கனலப்பனும் ஆயுசில் முதல் தடவையாகக் காலால் நடந்து, கொப்புளம் போட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறார்கள். படித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். சிட்டிபாபு மின்னியிடம் திட்டு வாங்கிய சாமியின் கட்சி ஆயிற்றே, கோபித்துக்கொள்வானோ என்று பார்த்தால், அவன் சட்டையை விலக்கித் தோளைத் தடவிக் காட்டுகிறான், வருஷா வருஷம் சாமி தூக்கிக் காய்த்துப்போன தோள். "எத்தினி வருஷமா நாம தூக்கிக்கினு சுத்தறோம், ஒரு நாள் நடந்துதான் வரட்டுமேப்பா!" என்று சொல்லிவிட்டுக் கைதட்டினான் பார், காஜா பாய் தட்ட, வடிவாம்பாள் தட்ட, தெருவில் போனவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, காயத்ரி. எட்டிப் பார்த்த எல்லோரிடமும் என் பெண் எழுதியது என்று சொன்னேன், வெட்கப்படாமல் சொன்னேன். அப்பா எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் ஆபரேஷன் செய்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலமெல்லாம் முடிந்துவிட்டதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று அமாவாசை, தறிக்கு லீவு. காஜா பாய் எங்கிருந்தோ ஒரு வேன் பிடித்துக் கொடுத்தார், அவர் மனைவி முந்திரியும் திராட்சையும் கொடுத்தனுப்பினாள், நாங்கள் எல்லோரும் தென்னேரிக்குப் போனோம். ஏரி நிறையத் தண்ணீர், காற்றென்றால் அப்படி ஒரு காற்று, அடுப்பு பற்றவே மாட்டேன் என்றது. சிட்டிபாபு துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு ஊதி ஊதிப் பற்ற வைத்தான். கடைசியில் உன் கனலப்பனும் ஒத்துழைத்துவிட்டான் என்று நான் சொல்ல, வடிவாம்பாள் புருஷனைப் பார்த்து இத்தனை நாளுக்கு அப்புறம் சிரித்தாள். கரையில் ஒரு கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பானை பொங்கி வழிந்தபோது அவள் போட்ட குலவையில், எதிரே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விழுந்து கும்பிட்டு, இலையில் பொங்கல் வாங்கிக்கொண்ட பிறகுதான் "இன்னா சாமிம்மா இது?" என்று கேட்டார்கள். வடிவாம்பாள் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசிவிட்டார். இத்தனை நாளும் உன் எழுத்தைப் பற்றி நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், எழுந்து நின்று, "ஆழிச்சி அம்மன். எங்க பொண்ணு கொண்டாந்த சாமி" என்றார். அந்தப் பெண்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த அமாவாசைக்கும் வருவீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஆகையால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நல்லான் உயிர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாயிற்று, பிழைத்துவிட்டான், பொங்கல் வைத்தாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று. நேர்த்திக்கடன் தீர்ந்த பிறகு அவனைப் பள்ளத்தில் தள்ள உனக்கே உரிமை கிடையாது, அந்தப் பதிப்பாளர் யார்? அவர் போடாவிட்டால் போகட்டும், வேறு ஒருவர் போடுவார், யாரும் போடாவிட்டால் காஜா பாய் ஜெராக்ஸ் எடுப்பார். அலுத்துப்போச்சு என்ற வார்த்தை மட்டும் இனி உன் வாயில் வரக்கூடாது. நீ ஜெயித்துவிட்டாய் கண்ணே, உனக்குச் சேதி வரத்தான் நேரமாகிவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. குமரன் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டது. எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் பார்சல் போட்டிருக்கிறேன், பொடியை ஈரக் கரண்டியால் எடுத்துக் கெடுத்து வைக்காதே. காமாட்சி அம்மன் உன் கையிலும் உன் எழுத்திலும் எப்போதும் இருக்கட்டும், தீர்க்காயுசோடும் திமிரோடும் நன்றாக இரு. வெள்ளிக்கிழமை அந்தப் பதிப்பாளருக்கு எழுதும்போது வளவளவென்று எழுதாதே, மின்னி கையை விட மாட்டாள் என்று ஒரே வரி போதும்.

உன்னை நினைத்துப் பூரித்துப் போயிருக்கும் அம்மா,
இந்திராணி ராமலிங்கம்