நிர்வாகியை அணுகவும்

கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து உங்கள் சிகரெட் வாசனை வந்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுசாக முடிந்துவிட்டது. இன்னும் அதற்குள் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய சிஸ்டம் தொட்டதற்கெல்லாம் நின்றுபோனதால் அதை அழித்துவிட்டு அதே பெட்டியில் புதியது போடச் சொன்னேன். "பாட்டெல்லாம் வேற டிரைவ்ல இருக்கு மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகவில்லைதான். உங்கள் ஃபோல்டர் அப்படியே இருந்தது. திறக்கப் போனால், 'உங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும்' என்றது. நிர்வாகியைத்தான் எரித்து, சாம்பலை வண்டூர்க் கடலில் கரைத்துவிட்டு வந்தோமே. எங்கே போய் அணுகுவது?

அதில் இருப்பது என் குரல். கிருத்திகை தோறும் முருகன் கோயிலில் நான் பாடுவதை வீட்டில் உட்காரவைத்துப் பதிவு செய்தீர்கள். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்க் கத்தி வைத்தார்கள். இப்போது எனக்கு மிஞ்சியிருப்பது தகரத்தைச் சுரண்டும் சத்தம். காய்கறிக்காரன்கூட ஒன்றுக்கு இரண்டு தடவை 'க்யா?' என்கிறான். நான் பாடியதை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

நெட் நத்தையாய் ஊர்ந்த காலத்தில் எங்கள் பத்துபஸ்தியில் பாட்டு, படம் எல்லாமே பென்டிரைவில்தான் வீடு வீடாகப் போகும். பக்கத்து வீட்டு பெங்காலி தீதியும் ஒருநாள் பென்டிரைவோடு வந்து நின்றாள். "பாயிசாப், பாபிஜி கா பஜன் தே தோ நா." அண்ணி பாடியதைக் கொடுங்களேன் என்று உங்களிடம் கேட்டாள். மொழி புரியாவிட்டாலும் என் பாட்டென்றால் அவளுக்கு உயிர். சிஸ்டம் கெட்டுவிட்டது என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்லி அனுப்பினீர்கள். கதவைச் சாத்திவிட்டு, "ஒம் பாட்டு கண்டவன் வீட்லயெல்லாம் சுத்திக்கிட்டுக் கெடக்கணுமா?" என்றீர்கள். அன்றே பாட்டுகளுக்குப் பூட்டுப் போட்டீர்கள். பாஸ்வேர்டு கேட்டேன். "நாந்தான் இருக்கேன்ல, கேட்டாப் போட்டு விடுறேன்." அதை அன்பு என்று நம்பி மீன்குழம்பு வேறு வைத்துக் கொடுத்தேன்.

கடைக்காரர் வெகுநேரம் மல்லுக்கட்டினார். "இப்ப நீங்கதான் ஓனர் மேடம்" என்றார் கடைசியில். ஃபோல்டர் திறந்தது. பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. எதைத் தொட்டாலும் மறுபடியும் அனுமதி இல்லை.

"சார் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் தனியா பூட்டியிருக்காரு மேடம். அதோட சாவி பழைய சிஸ்டத்துல இருந்திருக்கு. அத அழிச்சாச்சு. அப் நஹி குலேகா." இனித் திறக்காது என்பதைச் சொல்ல அவருக்கும் ஹிந்திதான் வசதியாக இருந்தது. அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். திட்டுவதற்கும் குரல் வேண்டும்.

விஷயம் கேட்டு தீதி வந்தாள். அன்றைக்கு அண்ணன் கொடுத்திருந்தால் இன்று தன்னிடமாவது இருந்திருக்குமே என்று ஹிந்தியில் சொன்னாள். செத்தவரைக் குறை சொல்லிவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் கடித்துக்கொள்ளவில்லை. உங்களை வாய்விட்டு, இருக்கிற குரலில், நன்றாகவே திட்டினேன்.

மதியம் படுத்துக்கொண்டு என் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். சொல் வருகிறது, ராகம் வருகிறது, பாடுவது நானில்லை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும், மைக்கை அணைக்கும் முன், "போதும், நிப்பாட்டு" என்பீர்களே, அது மட்டும் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்கிறது. எனக்கென்று நீங்கள் விட்டுப்போனது அந்தக் குரல்தான்.