பிடிச்சிருக்கேன், திருகுங்க

என் வீட்டு மகாராணிக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்தான், பயப்படாதே.

இங்கே பழைய பாய்மரப் படகொன்றில் கைப்பிடிக் கம்பிகளை இறுக்குகிறேன். தளத்துக்கு மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க, அடியில் ஒருவர் நட்டைத் திருக வேண்டும். கூட்டாளி ஊருக்குப் போய்விட்டான். நான் அவசரப்பட்டு மேலிருந்து போல்ட்டையே திருகிவிட்டேன். தண்ணீர் புகாமலிருக்கச் சுற்றிப் பூசியிருந்த பசை விட்டுப்போய், மழைத்தண்ணீர் கீழறையில் படகு முதலாளியின் படுக்கையில் சொட்டியது.

"படுத்துக்கிட்டே குளிக்க வெச்சுட்டியேப்பா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே அவர் மகள் நடுக்கடலில் நிற்பாள்?

கழற்றி, புதுப் பசை வைத்து, மேலே போல்ட்டைப் பூட்டுக் குறட்டால் கவ்வவிட்டு, அடியில் போய் நட்டை இறுக்கினேன். குறடு வாய் திறந்து பேசுவதில்லை. இன்னும் பாதி பாக்கி. கட்டில் காலை முடுக்கும்போது, "பிடிச்சிருக்கேன், திருகுங்க" என்பாயே, அதை போனில் பேசி அனுப்பு.

முதலாளி கூப்பிடுகிறார். பல்பு மாற்றத் தனியாக ஏணியில் ஏறாதே. பிடிக்க யாரையாவது கூப்பிடு.

உன்னவன்