நாற்பத்தெட்டாவது ஆள்

மாரிகுப்பம் பிளேக் முகாம்
1899 பிப்ரவரி 6

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, மகள் பாக்கியவதி தோத்திரத்துடன் எழுதுவது.

நான் நர்ஸ் வேலைக்கு வந்து இரண்டு வருஷமாய் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. போகட்டும். இப்போது உங்களால்தான் ஒரு காரியம் ஆகவேண்டும்.

இங்கே சுரங்க ஆட்கள் பன்னிரண்டு பேர் கிடக்கிறார்கள். நோய் அவ்வளவுதான் என்று டாக்டர் துரை பன்னிரண்டு கட்டில்தான் போட்டிருக்கிறார். வேலையில் பேர் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து வீட்டில் ஒளித்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ! நோயாளி பேரைச் சொல்லித் தம்பியோ மாமனோ சுரங்க ஷாப்டில் இறங்குவது, ஆட்களை இறக்கும் கேஜ் கூண்டுக்குக் கதவு போடும் உங்கள் கண்ணுக்குத் தப்புமா? அப்படி எத்தனை பேருக்கு ஆள்மாற்றம் நடக்கிறது? அவர்களில் இந்தப் பன்னிரண்டு பேரில் உள்ளவர்கள் எத்தனை? அவர்கள் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணன் சுந்தரராஜ் சுகமா?

பாக்கியவதி


ஊரிகம்
பிப்ரவரி 9

பாக்கியவதிக்கு,

கோபம் தீர்ந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆட்களின் பேரைக் கேட்டிருந்தால் உன் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். எண்ணிக்கைதானே, தருகிறேன்.

ஆள் இல்லாமல் நானும் இரண்டு ஷிப்ட் நிற்கிறேன். காலையில் இறங்கியவனே சாயங்காலம் வேறு பேர் சொல்லி வந்து நிற்கிறான். முறைத்தால், "இன்னா மாமா, கண்ணு மங்கிப்போச்சா? கதவப் போடுங்க" என்கிறான். மூன்று நாள் விரல் மடக்கினேன். இருபது பேருக்கு மாற்றாள் இறங்குகிறான். அந்த இருபதில் உன் பட்டியலில் இருப்பவர்கள் ஐந்தே பேர். இதை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கப்போகிறாயோ!

சுந்தரராஜ் சுகம்.

ஏனோக்


முகாம்
பிப்ரவரி 10

அன்பான அப்பாவுக்கு,

இருபதில் ஐந்து என்றால், நாலில் ஒருவன்தான் முகாமுக்கு வருகிறான். அந்தக் கால் பங்கு இங்கே பன்னிரண்டு, ஆகவே மொத்தம் நாற்பத்தெட்டு. மதிப்புதான், ஒன்றிரண்டு முன்பின் இருக்கும்.

டாக்டர் துரை முதலில் சிரித்தார். பிறகு அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மேனேஜரிடம் போனார். பன்னிரண்டு பேரை நீக்கலாம், நாற்பத்தெட்டு பேரை நீக்கினால் ஷாப்ட் ஓடுமா? முகாமுக்கு வருகிறவன் பேரை வெட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தாறு கட்டில் கூடுதலாகப் போட்டாயிற்று. அவை காலியாகக் கிடந்தால் நான் இங்கே தலைகாட்ட முடியாது, அப்பா.

பாக்கியவதி


முகாம் வாசல்
பிப்ரவரி 14

என் கண்ணான மகள் பாக்கியவதிக்கு,

லைன் வீட்டு ஜனங்கள் தாங்களாகவே நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஷாப்ட் வாசலில் உன் பேச்சுத்தான். "அந்த நர்சம்மா நம்ம ஏனோக்கு பொண்ணாமே!" என்றான், என் கண் மங்கிவிட்டது என்ற அதே பயல். பெருமையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வேலைக்குப் போகாதே என்று உன்னைத் தடுத்த வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

நேற்று முகாமில் ஆள் கணக்கு நாற்பத்தேழோடு நின்றுவிட்டதாம். "பொம்பளை கணக்கு, ஒண்ணு தப்பிப்போச்சு பாரு" என்று ஒரு கிளார்க் சிரித்தான்.

தப்பவில்லை அம்மா. சுகம் என்று நான் உனக்கு எழுதியபோதே உன் அண்ணன் காய்ச்சலில் கிடந்தான். தொடையிடுக்கில் கட்டி. அவன் பேருக்கு உன் சித்தப்பன் இறங்குகிறான். உனக்கு அனுப்பிய இருபதில் நான் அவனைச் சேர்க்கவில்லை. உன் கணக்கு சேர்த்துவிட்டது.

என் மகள் கணக்கில் ஒன்று குறைந்தது என்று எவனும் சொல்லக்கூடாது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறேன். அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

உன்னைப் பெற்ற
ஏனோக்