கூட்டாமல் குறைக்காமல்

குன்னூர்
8 மார்ச் 1926

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகள் லோயிஸுக்கு,

சில்வஸ்டர் வாத்தியார் எழுதுவது. நானும் என் வீட்டாரும் நலம். இத்தலார்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? டீச்சராகி இரண்டு வருஷமாகியும் பழைய வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுத உனக்கு நேரமில்லை. கோபமில்லை, குறைதான்.

காரியத்துக்கு வருகிறேன். மலையிலுள்ள மிஷன் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரு மேற்பார்வையாளரைப் போடப்போகிறார்கள். கமிட்டியார் என்னை நினைத்திருக்கிறார்கள். காரணம், என் கேட்கும் வகுப்பு. உனக்கு மறந்திருக்காது. ஒரு பிள்ளை மனதிலிருப்பதைச் சொல்லவேண்டும். அடுத்த பிள்ளை அதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லவேண்டும். பிறகுதான் தன் பேச்சைப் பேசலாம். சொன்னது எதுவும் அந்த அறையைத் தாண்டக்கூடாது.

ஏப்ரல் பதினாலாம் தேதி உன் ஆறாம் வகுப்பில் அதை நேரில் பார்க்க வருகிறார்கள். கூடலூரில் என்னிடம் படித்தவர்களில் உனக்கிருந்த காது யாருக்கும் இல்லை. இந்த வேலை எனக்குக் கிடைப்பது உன் கையில் இருக்கிறது.

அன்புள்ள
வா. சில்வஸ்டர்

*

இத்தலார்
15 மார்ச் 1926

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கமிட்டியார் தாராளமாக வரட்டும். என் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். முதல் எட்டு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சரிடம் சொன்னால் அப்பன் காதுக்குப் போகும், அடி விழும் என்ற பயம். ஒன்பதாம் நாள் மூக்கம்மா என்ற பெண் (அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்), தம்பிக்காகப் பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு திருடுவதைச் சொன்னாள். அடுத்தவன் சிரிக்காமல் திருப்பிச் சொன்னான். ஒரு வாரம் அவளைத் தேடி யாரும் வரவில்லை. அதன்பிறகுதான் மற்றவர்கள் பேசினார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். 1912 ஜூன் மாதம். எனக்குப் பதினொரு வயது. நீங்கள் பேசச் சொன்னீர்கள், எழுந்து சொன்னேன்: “ஞாயித்துக்கெளம கோயில் மணி அடிக்கறப்ப நாங்க நாடுகாணி வழியா எறங்கிப் போயிருவோம். எஸ்டேட்டுல என்ற ஐயனுக்கு அடி தாங்க முடியல.” பக்கத்திலிருந்த மெட்டில்டா அதைத் திருப்பிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாடுகாணியில் போலீஸார் வாரண்டோடு நின்றார்கள். ஓடிப்போன கூலி என்று என் தகப்பனை ஜெயிலில் போட்டார்கள். மூன்றாம் மாதம் அங்கேயே காய்ச்சலில் செத்தார்.

கடைசியாக அதைச் சொன்ன வாய் மெட்டில்டாவுடையது. அதனால் அவள்தான் என்று நாங்கள் முடிவு செய்தோம். சாணியைக் கரைத்து அவள் தலையில் ஊற்றினோம். முதல் சட்டியை ஊற்றியது நான். அவள் பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ஐயா, அது மெட்டில்டாதானா?

தங்கள் மாணவி
லோயிஸ்

*

குன்னூர்
22 மார்ச் 1926

பிரியமான மகளுக்கு,

பழசையெல்லாம் ஏன் கிளறுகிறாய்? உன் தகப்பனார் ஜஸ்டஸ் நல்ல மனுஷர். அவருக்காக நான் ஜெபம் செய்யாத வருஷமில்லை.

கேட்டதால் சொல்கிறேன். மெட்டில்டா ஓட்டைவாய்ப் பிள்ளை. வீட்டில் உளறியிருப்பாள், அங்கிருந்து எஸ்டேட் கணக்கப்பிள்ளைக்குப் போயிருக்கும். தெரியாமல் செய்ததுதானே, மன்னித்துவிடு.

கமிட்டியார் வரும் அன்றைக்குப் பிள்ளைகள் சந்தோஷமான விஷயங்களையே பேசட்டும். துரைமார் வீட்டு மாதர்களும் வருகிறார்கள்.

அன்புள்ள
வா. சில்வஸ்டர்

*

குன்னூர்
17 ஏப்ரல் 1926

லோயிஸுக்கு,

மகளே என்று எழுதக் கை வரவில்லை. கமிட்டிக்கு முன்னால் நீ எழுந்து சொன்னதை உன் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். “வாத்தியார நம்பிச் சொன்னேன். அவரு தொரைகிட்டச் சொன்னாரு. என்ற ஐயன் செயில்ல செத்தாரு. பழிய மெட்டில்டா மேல போட்டாரு.” பதினெட்டுத் தடவை! உபதேசியார் கமிட்டியோடு வந்திருந்த வெள்ளைக்கார அம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்த்தார். ஆறாவது தடவை அவள் போதும் என்று கை காட்டினாள். உன் பிள்ளைகள் நிறுத்தவில்லை.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. திருப்திதானே?

ஆம், சொன்னேன். பள்ளிக்கூடம் ஒழுகியது. நனைந்து நனைந்து பிள்ளைகள் சளியில் படுத்தார்கள். கூரை கேட்டு மூன்று வருஷம் எஸ்டேட் துரையின் பங்களா வாசலில் நின்றேன். உன் அப்பனைப் பிடித்துவந்து திரும்ப வேலையில் விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் தகரக் கூரை வந்தது. நீயும் அதன்கீழ் உட்கார்ந்துதான் படித்தாய்.

நீ செய்தது என்ன? பச்சைப் பிள்ளைகளின் வாயில் உன் பழியைத் திணித்தாய்.

வா. சில்வஸ்டர்

*

இத்தலார்
24 ஏப்ரல் 1926

ஐயா,

திருப்திதான். மறைக்கமாட்டேன்.

உங்களிடம் கேட்டபோதே எனக்கு விடை தெரியும். பங்களாவில் குதிரைக்காரராக இருந்த ஆறுக்குட்டி, போன கிறிஸ்துமஸுக்கு என்னைத் தேடிவந்தார். “ஏனுங்க டீச்சரம்மா, வாத்தியாருதானுங்க சொன்னாரு. நான் குதிரையப் புடிச்சுட்டு அங்கியேதான் நின்னனுங்க” என்றார். நான்தான் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், கமிட்டிக்கு முன்னால் நீங்கள் கேட்ட சந்தோஷமான பேச்சோடு விட்டிருப்பேன். நீங்கள் மெட்டில்டா என்று எழுதினீர்கள்.

கூரையைப் பற்றிச் சொன்னீர்கள். ஒழுகாத கூரைதான். அதன்கீழ் நான் படித்தது உண்மை. ஐயனுக்குப் பதிலாகக் கிடைத்த கூரை என்று தெரிந்திருந்தால் மழையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

பிள்ளைகளிடம் நடந்ததையெல்லாம் முந்தின வாரமே சொன்னேன். மூக்கம்மா கேட்டாள்: “டீச்சர், இத வெளிய சொல்லலாமுங்களா?” இது என்னுடையது, சொல்லலாம் என்றேன். விருப்பமில்லாதவர்கள் எழுந்திருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லோரும் எழுந்தார்கள். டீச்சர் சொன்னால் எந்தப் பிள்ளை எழாமல் இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறுத்தல் எனக்கு இருக்கிறது. ஆனால் நான் அவர்களைக் கேட்டேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

கடைசி பெஞ்சில் முக்காடு போட்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று நினைத்திருப்பீர்கள். அவள்தான் மெட்டில்டா. லவ்டேல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். ஒருநாள் லீவு சொல்லவைத்து நான்தான் கூட்டிவந்தேன். நீங்கள் தலைகுனிவதைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் உங்களைப் பார்க்கவேயில்லை. எல்லோரும் போனபிறகு என்னிடம் சொன்னாள்:

“வாத்தியாரு கெடக்கறாரு லோயிஸு. நான் சொல்லல, நான் சொல்லலன்னு அன்னைக்கு அத்தன தடவ அழுதனே. உங்க ஒருத்தருக்குமா கேக்கல?”

பஸ் நிற்கும் இடம்வரை அவளோடு நடந்தேன். அவள் ஏறிப்போய்விட்டாள்.

கேட்கும் வகுப்பின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இதற்குப் பதில் எழுதுவதானால் முதலில் மெட்டில்டா சொன்னதை எழுதுங்கள், கூட்டாமல் குறைக்காமல். பிறகு உங்கள் பேச்சைப் பேசலாம். நான் பத்து நாளாக அவள் சொன்னதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பேச்சுக்கு இன்னும் வரவில்லை.

ஜஸ்டஸின் மகள்
லோயிஸ்