ஒரு நிமிட மௌனம்

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எனக்குப் பாராட்டு விழா. 'பனிச்சிகரம் ஏறிய நம் ஊரின் முதல் பெண்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அதில் இருந்த படம் நம் பத்துமலை முருகன் கோயில்.

அறிவிப்பாளர் விமலன் தழுதழுத்த குரலில், "நம்ம தங்கமணியம்மா மலையேறி இன்னியோட இருபத்தஞ்சு வருசம் ஆச்சுங்க" என்றார். பின்வரிசையில் ஒருவர் அஞ்சலி செலுத்த எழுந்தார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்தது. எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று நானும் நின்றேன்.

தாமதமாக வந்து என் பக்கத்தில் நின்ற பெண் மெல்லக் கேட்டாள்: "ஆன்டி, அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம் லா" என்றேன்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. நான் நேப்பாளத்தில் இருந்தபோது உனக்கு ஏழு வயது. அம்மா எங்கே என்று கேட்ட ஆசிரியையிடம், "அம்மா மலையேறிட்டாங்க டீச்சர்" என்றாயாம். அவர் அழுதுகொண்டே உனக்குக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தாராம். இதை எல்லா மேடையிலும் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை சொல்லவில்லை. நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

புதன்கிழமை எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மருத்துவமனைப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். தாதி அழைத்துப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் இப்ப யூஸ்ல இல்ல ஆன்டி" என்றாள்.

புது எண்ணை அனுப்பு. நீ வர வேண்டியதில்லை, படிவத்துக்குத்தான்.

பிரிக்பீல்ட்சிலிருந்து,
இறங்கி வந்துவிட்ட அம்மா